சுங்கம் கட்டாமல் போன சரக்கு

இருபது வருஷங்களுக்கு மேலாக நாம் பூகோளம் கற்பித்து வருகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவின் மூக்கு நுனியில் இருக்கும் தேசம் எது என்றால் ஸெனகல். தலைநகரம் எது என்றால் டக்கார். அங்கிருந்து கப்பலேறும் சரக்கு என்ன என்றால் நிலக்கடலை. இப்படி எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முழு மார்க்கு போட்டிருக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் 1885-ல் டக்காருக்கும் ஸேன் லூயி நகரத்துக்கும் இடையே திறந்த ரயில் பாதை கடலை மூட்டைகளைச் சுமந்தே பிழைத்தது என்று ஒரு பையன் கூடுதலாக எழுதியிருந்தான். அவனுக்குச் சிவப்பு மையால் 'நன்று' என்றும் எழுதினோம்.

அந்த விடை அரை விடைதான் என்பது சமீபத்தில்தான் நமக்குத் தெரிந்தது. தங்கமும் பெட்ரோலியமும் இப்போது கடலையை முந்திவிட்டன என்பது வேறு விஷயம். இவை எதிலும் சேராத இன்னொரு சரக்கு அந்தக் கரையிலிருந்து வெகு காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு எந்தச் சாவடியிலும் சுங்கம் வாங்கியதில்லை. எந்தப் புத்தகத்திலும் கணக்கு எழுதியதில்லை. அது என்னவென்று சொல்லுமுன், அதைப் பற்றி நாம் விசாரிக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காரணம் நமக்கு அவ்வளவு பெருமை தருவதல்ல.

வேலையில் சேர்ந்த புதிதில் நம்முடைய வகுப்பில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஆள் பனைமரம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் நிற்கிறான் என்று நினைத்து, "உட்கார்!" என்று அதட்டியிருக்கிறோம். வகுப்பில்தான் அவன் அசடு. மாலையில் கூடைப்பந்து மைதானத்தில் அவனைப் பார்த்தால் வேறு பிறவி போல் இருக்கும். நாலு பேர் சூழ்ந்து நிற்கையில் அவன் கிளம்பி மேலே போவான். மற்ற நால்வரும் கீழே இறங்கிய பிறகும் அவன் மட்டும் ஒரு கணம் அங்கேயே இருப்பான். பந்து சத்தமில்லாமல் வலைக்குள் இறங்கும்.

ஆனால் கணக்கில் முப்பது மார்க்கு, இங்கிலீஷில் இருபத்தெட்டு. நாம் அவன் தகப்பனாரை வரவழைத்து, "பந்து சோறு போடாது, ஐயா! பையனை மைதானத்துப் பக்கம் விடாதீர்கள்" என்று புத்தி சொன்னோம். அவர் நல்ல மனிதர். உபாத்தியாயர் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பையன் மைதானத்துக்கு வரவில்லை. கணக்கில் முப்பது முப்பத்திரண்டாயிற்று. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

சென்ற ஜூன் மாதம் அந்தப் பையன் நம்மைத் தேடி வந்தான். பையன் என்கிறோமே தவிர, காதோரம் நரைத்துவிட்டது. ஒரு லாரி ஆபீஸில் வேலையாம். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. தகப்பனின் உயரத்துக்கு அப்போதே அச்சாரம் கொடுத்திருந்தாள்.

"ஸார், இவளைப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து கோஷ்டியில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சேர்க்கலாமா? பந்து சோறு போடுமா, ஸார்?" என்று கேட்டான்.

குத்தலாகக் கேட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்போம். அவன் குத்தலாகக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகும் நம்முடைய வாக்கை வேதவாக்காகவே நினைத்துக் கேட்டான். "யோசித்துச் சொல்கிறேன், அப்பா" என்று சொல்லி அனுப்பி வைத்தோம்.

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னபோது, காலேஜில் படிக்கும் நம் புத்திரன் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து, "இதைப் பாருங்கள், அப்பா" என்றான். ருவாண்டா தேசத்துக் கிகாலி நகரத்தில் 2023-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி நடந்த ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக் இறுதிப் பந்தயம் அது. ஒரு கட்சி, கெய்ரோ நகரத்து அல் அஹ்லி. 1907-ல் ஏற்பட்ட பெரிய சங்கம். மற்றொரு கட்சி, டக்காரிலிருந்து வந்த 'துவான்' கோஷ்டி.

"துவான் என்றால் என்னடா?" என்று கேட்டோம்.

"பிரெஞ்சில் சுங்க இலாகா என்று அர்த்தம், அப்பா. ஸெனகல் தேசத்துச் சுங்க இலாகாவின் விளையாட்டுச் சங்கம்."

அடுக்களையிலிருந்து நம் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "பெட்டியைக் குடைகிறவர்கள் பந்து கூடவா ஆடுவார்கள்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அந்தச் சொல்லைக் கொஞ்சம் ஆராய்ந்தோம். 'துவான்' என்பது பிரெஞ்சுக்காரர்களின் சொந்தச் சொல் அல்ல. பாரஸீகத்தில் பிறந்து, அரபு மொழிக்கு வந்து, இத்தாலிய வியாபாரிகள் மூலம் பிரான்ஸுக்குப் போன 'திவான்' தான் அது. நம் ஊர்ச் சமஸ்தானங்களில் தலைப்பாகை கட்டி உட்கார்ந்திருந்த அதே திவான்! கிழக்கே வந்தவர் மந்திரியானார். மேற்கே போனவர் சுங்கச் சாவடியில் உட்கார்ந்தார். தூரத்து உறவு என்று தெரிந்தவுடன் டக்கார் கோஷ்டியின் மேல் நமக்கு ஒரு தனி அபிமானமே ஏற்பட்டுவிட்டது.

இலாகாவின் பெயரில் பந்தாடுவது ஸெனகலின் புதுமை என்று நினைக்கவேண்டாம். ஆப்பிரிக்கக் கண்டத்துப் பெரிய கோஷ்டிகளின் பெயர்களைப் படித்தால் செக்ரடேரியட் ஜாபிதாவைப் படிப்பது போலவே இருக்கிறது. மொஸாம்பிக் தேசத்துப் பெர்ரொவியாரியோ என்பது ரயில்வே. அங்கோலாவின் பெட்ரோ என்பது எண்ணெய்க் கம்பெனி. ருவாண்டாவில் மின்சாரக் கம்பெனிக்கு ஒரு கோஷ்டி, ராணுவத்துக்கு ஒரு கோஷ்டி. காமரூனில் ராணுவமும் போலீஸும் சேர்ந்து ஒரு கோஷ்டி.

காரணம் எளிது. சுதந்திரம் பெற்ற புதிதில் அந்தத் தேசங்களில், ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய தனவந்தர்கள் அதிகம் இல்லை. மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்க முடிந்த இடங்கள் சர்க்கார் இலாகாக்களும், ரயில்வே, துறைமுகம் போன்ற பெரிய ஸ்தாபனங்களுமே. ஆகவே பந்து அவற்றின் நிழலில் ஒதுங்கியது. சென்னையிலேயே இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும் தெற்கு ரயில்வேயும் கூடைப்பந்து கோஷ்டிகளைப் போஷித்து வந்திருக்கின்றன அல்லவா? பாங்கியும் ரயிலும் நம் கண்ணெதிரே சோறு போட்டுக்கொண்டிருக்கையில் நாம் ஒரு தகப்பனாரிடம் அப்படிச் சொன்னோமே என்று அப்போதுதான் முதல் தடவையாக உறைத்தது.

கூடைப்பந்தின் பிறப்பு நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். 1891-ம் வருஷம் டிஸம்பர் மாதக் குளிரில், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துப் பயிற்சிப் பள்ளியின் உபாத்தியாயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், துறுதுறுத்த வாலிபர்களைக் கூரைக்குள்ளேயே வைத்து மேய்ப்பதற்காகக் கண்டுபிடித்தது அது. பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். கூடை போய் வளையம் வந்துவிட்டது. பத்தடி மட்டும் மாறவில்லை. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஓர் உபாத்தியாயர் என்பதையும், அதை ஒரு பையனிடமிருந்து பறித்தவரும் ஓர் உபாத்தியாயர் என்பதையும் நாம் சேர்த்து எழுதித்தான் ஆகவேண்டும்.

ஸெனகல் 1960-ல் சுதந்திரம் அடைந்தது. எட்டு வருஷங்களுக்குள், 1968-ல், அதன் ஆண்கள் கோஷ்டி ஆப்பிரிக்கக் கண்டத்தின் சாம்பியன் ஆயிற்று. அதே வருஷம் மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸுக்கும் போயிற்று. பிறகு 1972, 1978, 1980, 1997 என்று மேலும் நாலு தடவை ஜயித்தது. ஸ்திரீகள் இன்னும் ஒரு படி மேல். 1974-லிருந்து 2015 வரையில் பதினொரு தடவை அவர்கள் கண்டத்தை ஜயித்திருக்கிறார்கள். லாரி ஆபீஸ்காரரின் பெண்ணுக்காக இந்த எண்ணைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டோம்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும், வீட்டுக்குள்ளே கூடைப்பந்து சோனியாகவே இருந்தது. டக்காரில் சுங்க இலாகாச் சங்கமும், சர்வகலாசாலைச் சங்கமும், மற்றச் சங்கங்களும் ஒன்றோடொன்று மோதும், ஊர் ஜனங்கள் கூடிக் கூச்சல் போடுவார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் உயரமாகவும் கொஞ்சம் திறமையாகவும் வளர்ந்த பிள்ளை பதினேழு, பதினெட்டு வயதுக்குள் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்விடுவான். டிஸகானா ஜோப் என்ற டக்கார் வாலிபரை 2001-ல் அமெரிக்க லீக்கின் கிளீவ்லாந்து கோஷ்டி எட்டாவது தேர்வாக எடுத்துக்கொண்டது. டக்காரில் பிறந்த அஸ்து என்தூர் என்ற பெண்மணி ஸ்பெயின் தேசத்துக்காக ஆடி, 2016 ஒலிம்பிக்ஸில் வெள்ளிப் பதக்கம் பெற்றாள். நாம் ஆரம்பத்தில் சொன்ன, சுங்கம் கட்டாத சரக்கு இதுதான். கடலை மூட்டை ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதும் சாவடியைத் தாண்டி, ஏழடிப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

போனவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சோறு இருக்கும் இடத்தைத் தேடிப் போவது மனித தர்மம். குறை, போகும் வழியைப் பற்றியது. வெளியூர் போய்ப் பந்தும் கைகொடுக்காமல் படிப்பும் கைகொடுக்காமல் நின்றால் பையனின் கதி என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் அமாது கல்லோ ஃபால் என்ற ஸெனகல்காரர். அவர் தாமே பந்தின் உதவியால் அமெரிக்கா போய், வாஷிங்டன் நகரத்துச் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர். பிறகு டல்லாஸ் கோஷ்டிக்காக உலகமெங்கும் சுற்றி ஆட்டக்காரர்களைப் பொறுக்கியவர். 1998-ல் அவர் ஸெனகலில் ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதன் மூலம் தியேஸ் என்ற ஊரில், பந்தும் பாடமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் பள்ளி ஒன்று எழுந்தது. கெபெமெர் என்ற சிற்றூரில் பிறந்த கோர்கி ஜெங் அங்கே படித்து, அமெரிக்காவில் லூயிவில் சர்வகலாசாலைக்குப் போய், 2013-லிருந்து அமெரிக்க லீக்கில் பல வருஷங்கள் ஆடினார்.

பந்தையும் புத்தகத்தையும் எலியும் பூனையுமாக நினைத்துவந்த நமக்கு இந்தப் பள்ளியின் செய்தி ஒரு பாடமாக இருந்தது. பந்தைக் காட்டிப் பையனைப் புத்தகத்துக்கு அழைத்து வரலாம் என்ற எண்ணம் நமக்குத் தோன்றியதே இல்லை. புத்தகத்தைக் காட்டிப் பந்தைப் பிடுங்கத்தான் தெரிந்திருந்தது.

பிள்ளைகளைப் படிக்க வைத்தாயிற்று. ஆனால் படித்த பிள்ளை ஆடுவதற்குச் சொந்தக் கண்டத்தில் இடம் வேண்டாமா? உலகக் கூடைப்பந்து சம்மேளனமும் அமெரிக்க லீக்கும் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு லீக் ஏற்படுத்தப்போவதாக 2019-ல் அறிவித்தார்கள். அதற்கு முதல் தலைவர் அதே ஃபால் தான். பன்னிரண்டு தேசங்களிலிருந்து பன்னிரண்டு கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டியிலும் பெரும்பாலோர் அந்தந்தத் தேசத்தவராகவே இருக்கவேண்டும். வெளியார் நாலு பேருக்கு மேல் கூடாது, அவர்களிலும் ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வருகிறவர் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது ஆரம்ப விதி. சரியான சுங்கச் சட்டம் என்று நமக்குத் தோன்றியது!

முதல் பந்தயம் 2020 மார்ச் 13-ந் தேதி டக்காரில் நடப்பதாக இருந்தது. கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. வீட்டு வாசலில் போட்ட பந்தலைப் பிரித்தாற்போல் ஆயிற்று ஸெனகல்காரர்களுக்கு. மறு வருஷம் மே மாதம், எல்லாக் கோஷ்டிகளையும் கிகாலியில் ஒரே இடத்தில் காப்பு வைத்துப் பந்தயங்களை நடத்தினார்கள். சுங்க இலாகாவினர் கடைசி எட்டுப் பேரில் ஒருவராக வந்து, துனீஷிய தேசத்து மொனாஸ்தீர் கோஷ்டியிடம் தோற்றுத் திரும்பினார்கள். 2022-ல் ஸெனகலின் சார்பில் சர்வகலாசாலைச் சங்கம் போயிற்று. முதல் சுற்றைத் தாண்டவில்லை.

2023 மார்ச்சில், டக்காரை அடுத்த ஜம்னியாஜோவில் 2018-ல் கட்டிய பதினையாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கத்தில் ஆறு கோஷ்டிகள் மோதின. முந்திய வருஷத்துச் சாம்பியனான மொனாஸ்தீர் அங்கேயே வெளியேறிவிட்டது. சுங்க இலாகாவோடு, பக்கத்துத் தேசங்களான மாலியின் ஸ்தாத் மாலியன், ஐவரி கோஸ்டின் அபிஜான் கோஷ்டி ஆகியவையும் கடைசி எட்டில் இடம் பிடித்தன. மே மாதம் கிகாலியில், அங்கோலாவின் எண்ணெய்க் கம்பெனிக் கோஷ்டியை அரையிறுதியில் சுங்க இலாகா வீழ்த்திற்று. அது சாமானிய எதிரி அல்ல. முந்திய வருஷம் இறுதிப் பந்தயம் வரை வந்த கோஷ்டி, அடுத்த வருஷம் சாம்பியனே ஆன கோஷ்டி. லீக் ஆரம்பமான பிறகு ஒரு மேற்கு ஆப்பிரிக்கச் சங்கம் இறுதிப் பந்தயத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

இறுதிப் பந்தயத்தில் ஜயித்தார்களா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. அல் அஹ்லி 80, சுங்க இலாகா 65. நாம் பார்த்தது அந்தத் தோல்வியைத்தான். கடைசி நிமிஷம் வரை பார்த்தோம். நம் வீட்டு அம்மாளும் கையில் கரண்டியுடன் நின்று பார்த்துவிட்டு, "பாவம், நன்றாய்த்தானே ஆடினார்கள்!" என்றாள். மூன்றாவது இடம் மாலி தேசத்துக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம், 2024-ல், நைஜீரியாவில் ஹார்கோர்ட் துறைமுக நகரத்து ரிவர்ஸ் ஹூப்பர்ஸ் மூன்றாவது வந்தது. மேற்கு ஆப்பிரிக்கா கோப்பையின் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது. இன்னும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

அந்த 2023 கோஷ்டியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான் என்று நம் புத்திரன் சொன்னான். பதினாறு வயது என்றதும் நமக்குச் சுருக்கென்றது. அவன் பெயர் கமான் மலுவாச். தெற்கு ஸூடான் தேசத்துப் பிள்ளை. உகாண்டாவில் அகதியாக வளர்ந்தவன். உயரம் ஏழடிக்கு மேல். ஸெனகலில் ஸாலி என்ற கடலோர ஊரில் அமெரிக்க லீக் நடத்தும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஒவ்வொருவனை ஒவ்வொரு கோஷ்டிக்கும் கொடுப்பது என்று 2022-ல் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்படித்தான் அவன் சுங்க இலாகாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெரியவர்களுடன் சரிசமமாகப் பயிற்சி செய்தான். மறு வருஷம் தன் தேசத்துக்காகப் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஆடினான். பிறகு ட்யூக் சர்வகலாசாலை. 2025-ல் அமெரிக்க லீக்கின் தேர்வில் பத்தாவதாக வந்து பீனிக்ஸ் கோஷ்டியில் சேர்ந்தான்.

ஆக, சரக்கு இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது சாவடி வழியாகப் போகிறது. போகுமுன் சொந்தக் கண்டத்து ஜனங்கள் ஒரு தடவை கண்ணாரப் பார்த்து, கை தட்டி, 'இவன் நம்முடையவன்' என்று முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். போக இஷ்டமில்லாதவனுக்கும், போக முடியாதவனுக்கும் உள்ளூரில் ஒரு சட்டையும் ஒரு சம்பளமும் ஓர் அரங்கமும் இருக்கின்றன. சுங்க இலாகாவுக்கு இதைவிடப் பொருத்தமான கைங்கரியம் என்ன இருக்கிறது?

மறுநாள் லாரி ஆபீஸுக்கு நாமே நடந்து போனோம். அவன் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"அப்பா, பந்து எல்லோருக்கும் சோறு போடாது, சில பேருக்குப் போடும். உன் பெண்ணுக்குப் போடுமா என்று நமக்குத் தெரியாது. ஆடட்டும், படிக்கவும் படிக்கட்டும். பாடத்தில் பின்தங்கினால் மைதானத்தை விட்டு நிறுத்தாதே. மாலையில் நம் வீட்டுக்கு அனுப்பு. கணக்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோம்" என்றோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷத்துப் பாக்கி தொண்டையில் நின்றது. "உன் விஷயத்தில் நாம் சொன்னது தப்பு" என்று அதையும் சொல்லிவிட்டோம்.

அவன் கொஞ்ச நேரம் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேஜைக்கு அடியில் கையை விட்டு ஒரு பெரிய பையை எடுத்தான். அதற்குள் புத்தம் புதிய பந்து ஒன்று இருந்தது.

"நேற்றே வாங்கி வைத்துவிட்டேன், ஸார். உங்களைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று இருந்தேன்" என்றான்.

பிறகு, நாம் பார்க்கிறோம் என்பதைக் கூட மறந்து, அந்தப் பந்தை ஒரு விரல் நுனியில் நிறுத்திச் சுற்றினான். பந்து விழாமல் வெகு நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது.